மதகுக்குக் கீழே ஒரு சாண்

எங்கள் வீட்டில் சமன் மீன் என்றால் தகரப் பேணியில் வருவது. வெள்ளவத்தையில் எந்தக் கடையில் போய் "ஒரு சமன் டின்" என்று கேட்டாலும், கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துத் தருவார். வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி போட்டுப் பிரட்டினால் மழை நாளில் பாணுக்கு வேறொன்றும் வேண்டாம். ஐம்பது வயது கடந்த பிறகுதான் அந்தப் பேணியைத் திருப்பி லேபிளை வாசித்தேன். மக்கரல் என்று போட்டிருந்தது. அதுவரை சமன் என்று சாப்பிட்டது எதுவும் சால்மன் இல்லை.

வாசிக்க வைத்தது அக்கா. அவர் கனடாவில், வன்கூவரில் இருக்கிறார். ஒரு நவம்பர் மாதம், இங்கே இரவு ஒன்பதரை, வெளியே நல்ல மழை. அங்கே காலை. வீடியோவில் அழைத்தார்.

"தம்பி, இஞ்சை பார். உண்மையான சமன்!"

போனைத் திருப்பினார். பெரிய கடைகளின் பின்பக்கம், கார் நிறுத்தும் இடம், கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நான்கைந்து பாகம் அகலத்தில் ஒரு ஓடை. முழங்கால் அளவு தண்ணீர். அதில் ஒரு கை நீளத்துக்கு ஒரு மீன், விலாவில் ஊதாவும் பச்சையுமாகக் கோடுகள், வால் தேய்ந்து வெள்ளையாகி, நீரோட்டத்துக்கு எதிரே ஆடிக்கொண்டு நின்றது.

"அடிபட்ட மாதிரி இருக்கே" என்றேன்.

"முட்டை போட்டு முடிஞ்சுது. இனிச் சாகப் போகுது."

அந்த ஓடைக்குப் பெயர் ஸ்டில் கிரீக். வன்கூவர் நகரத்தின் தொழிற்பேட்டைகளுக்கு நடுவே, பாதி தூரம் நிலத்துக்குக் கீழே குழாய்க்குள், மீதித் தூரம் மதில்களுக்கு இடையே ஓடி, பர்னபி ஏரியில் விழுந்து, புருனெட் ஆறாக வெளியேறி, பிரேசர் ஆற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. ஏறக்குறைய 80 ஆண்டுகள் அதில் ஒரு சால்மனும் இல்லை. ஊர் அதைக் கழிவு ஓடையாகவே கணக்கு வைத்திருந்தது. மூடிய இடங்களில் சிலவற்றைத் திறந்தார்கள், கரையில் மரம் வைத்தார்கள், கீழே ஆற்றிலும் தடைகளைச் சரி செய்தார்கள். 2012இல் சம் என்ற வகைச் சால்மன்கள் அந்த ஓடையில் மீண்டும் தென்பட்டன.

கொழும்பில் இருந்துகொண்டு எனக்கு ஏன் இந்தக் கதை? சொல்கிறேன்.

வீதி வேலையில் முப்பது வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன் நான். பாலம் கட்டும் பெரிய ஆட்கள் வேறு. எனக்கு வாய்த்தது மதகு, அதாவது வீதிக்குக் கீழே தண்ணீர் போக வைக்கும் வழி. மதகில் குந்தியிருந்து கதைப்பது எங்கள் ஊரில் ஏறக்குறைய ஒரு முழுநேரத் தொழில். அந்த மதகுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்ப்பது என் தொழில். எவ்வளவு நிலத்தின் மழை இங்கே வந்து சேரும், மணிக்கு எவ்வளவு பெய்யும், அதைக் கொண்டுபோக எத்தனை ஹியூம் பைப் (கொங்கிரீட் குழாய்தான்), என்ன விட்டம். மேல் பக்கத்து இன்வர்ட் லெவல், அதாவது பைப்பின் உள் அடிமட்டம், இவ்வளவு, கீழ்ப் பக்கத்து இன்வர்ட் லெவல் இவ்வளவு. எல்லாக் கணக்கும் ஒரே திசையில்தான் போகும்: மேலிருந்து கீழே.

மீனின் கணக்கு இதற்கு நேர்மாறானது என்று அக்காவின் அழைப்புக்குப் பிறகு வாசிக்கத் தொடங்கித்தான் விளங்கியது. சால்மன் ஆற்றின் மேல்பகுதியில், கூழாங்கல்லுக்குள் குழி பறித்து முட்டையிடுகிறது. குளிர்காலம் முழுக்க முட்டை கல்லுக்குள் கிடக்கும். கல் இடுக்கில் ஓடும் தண்ணீர்தான் அதற்கு மூச்சு. சேறு படிந்து இடுக்கு அடைபட்டால் முட்டை மூச்சடைத்துச் சாகும். சம் குஞ்சுகள் வெளியே வந்த கையோடு கடலுக்கு இறங்கிவிடும். கோஹோ என்ற வகை ஓடையிலேயே ஒரு வருடமளவு இருந்து வளரும். ஸ்டீல்ஹெட் என்ற வகை அதைவிடக் கூடுதலாக இருக்கும். கடலில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறந்த ஓடையின் வாசனையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் மட்டும் பிழைத்தால் கடலுக்குப் போய் மறுபடி வரக்கூடியது.

இதைக் கேட்டதும் ஊர் திரும்புதல், வேர், தாய்மண் என்று எழுதக் கை துறுதுறுக்கும். வெளிநாட்டுத் தமிழர் மலர்களில் இரண்டு கவிதையாவது பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு அது பிடிக்காது. "இது பிள்ளைப்பேறுக்கு வருகுது தம்பி, ஊர் பார்க்க இல்லை" என்பார். அதோடு, எல்லாம் திரும்பி வருவதும் இல்லை. ஒரு சிறு பங்கு வழி தவறி வேறு ஓடைக்குள் போய்விடும். மீன் அற்றுப்போன ஓடையில் மறுபடி குடியேறுவது பெரும்பாலும் அப்படி வழி தவறியவைதான்.

சரி, மதகுக்கு வருகிறேன்.

ஓடை பத்தடி அகலம், நாங்கள் போடுவது மூன்றடிப் பைப். கணக்குப்படி மழைத் தண்ணீர் அதற்குள் போய்விடும். ஆனால் அகலத்தில் ஓடியதைக் குறுக்கிப் பிடித்தால் வேகம் கூடும். வேகமாக வெளியே வரும் தண்ணீர் கீழ்ப்பக்கத்து மண்ணைத் தோண்டும். இரண்டு மூன்று மாரி போனால் பைப்பின் வாய் அந்தரத்தில் தொங்கும். தண்ணீர் அருவிபோல் விழும். நாங்கள் போய்ப் பார்ப்போம், அரிப்பு என்று எழுதுவோம், பைப் வாயடியில் ஏப்ரன் என்ற கொங்கிரீட் தளம் போடுவோம். மண் அரிப்பு நின்றுவிடும், கோப்பை மூடிவிடலாம். ஏப்ரன் மேல் தண்ணீர் விரல் கனத்துக்கு வழிந்தோடும். அதில் எந்த மீன் நீந்தும்? வளர்ந்த சால்மன் துள்ளும், ஆனால் துள்ளுவதற்குக் கீழே ஆழமான பள்ளம் வேண்டும். ஓடையில் வாழும் சின்னக் கோஹோவுக்கோ ஒரு சாண் உயரமே மதில். பைப்புக்குள் ஏறியவையும் வழவழப்பான குழாயில் ஒதுங்க ஒரு கல் இல்லாமல் களைத்துப் பின்னால் தள்ளப்படும்.

அவிசாவளைப் பக்கம் ஒரு உள்வீதியில் நான் இப்படி ஒன்று போட்டேன். களனி ஆற்றுக்குப் போகும் சிறிய ஓயா, ஓடை ஒன்று. இரண்டு வருடம் கழித்துப் பரிசோதிக்கப் போனபோது பக்கத்து வளவுக்காரப் பெரியவர் வந்தார். "மஹத்தயா, இந்தப் பைப் வந்த பிறகு புது மழைக்கு மேலே மீன் வருவதில்லை" என்று சிங்களத்தில் சொன்னார். "மீனுக்கு எஸ்டிமேட்டில் காசு ஒதுக்கவில்லை, சீயா" என்றேன். அவரும் சிரித்தார். நான் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

வவுனியாப் பக்கம் எங்கள் ஊர்க் குளம் வான் பாயும்போது அக்காவும் நானும் சாக்கும் பறியுமாக ஓடியவர்கள். புதுத் தண்ணீருக்கு மீன் எதிர்த்து ஏறும்; விரால், கெளுத்தி எல்லாம் கல்லில் துள்ளி விழும். மீன் மேலே போகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? பத்து வயதில் தெரிந்ததை டிப்ளோமா எடுத்ததும் மறந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இந்தத் தொங்கும் மதகு உச்ச நீதிமன்றம் வரை போனது என்பதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, எங்கள் மதகுக்கு வந்த மரியாதையைப் பார்த்து. வாஷிங்டன் மாநிலத்துப் பழங்குடிகள் 1850களில் நிலத்தைக் கொடுத்தபோது, வழமையான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். 1974இல் நீதிபதி போல்ட், பிடிக்கக்கூடிய மீனில் பாதி அவர்களுக்கு என்று தீர்ப்பளித்தார். அடுத்த கேள்வி 2001இல் வழக்காக வந்தது: பிடிக்கும் உரிமை இருக்கிறது, ஆனால் அரசு கட்டிய மதகுகள் மீனை ஏறவிடாமல் தடுத்தால் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது? 21 பழங்குடி அமைப்புகள் ஒரு பக்கம், மாநில அரசு மறுபக்கம். 2018இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலாகப் பிரிந்தது; அதனால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நின்றது. மதகுகளைத் திருத்து என்பது தீர்ப்பு. இப்போது அங்கே ஓடையின் முழு அகலத்தையும் விட்டுப் பாலம் போடுகிறார்கள், அல்லது பெரிய பெட்டி மதகை ஆழத்தில் இறக்கி உள்ளே கல்லும் மணலும் பரப்பி, வீதி ஒன்று மேலே இருப்பதே ஓடைக்குத் தெரியாதபடி செய்கிறார்கள். செலவு பயங்கரம். சின்னப் பைப்பில் மிச்சம் பிடித்த காசுக்கு வந்த வட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

மரக்கட்டை விஷயம் இன்னும் வேடிக்கை. ஓடையில் விழுந்து கிடக்கும் பெருமரங்கள் மீனை மறிக்கின்றன என்று நினைத்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மேற்குக் கரையில் அவற்றை இழுத்து அகற்றினார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஓடை சுத்தமானது, மீன் குறைந்தது. மரம் கிடந்தால் தண்ணீர் அதில் மோதிப் பள்ளம் பறிக்கும். பள்ளத்தில் கோடைக்குக் குளிர்ந்த நீர் நிற்கும். வெள்ளம் வந்தால் குஞ்சுகள் அதன் மறைவில் ஒதுங்கும். கூழாங்கல் அடித்துக்கொண்டு போகாமல் தங்கும். இப்போது அதே ஓடைகளில் கிரேன் வைத்து, சில இடங்களில் ஹெலிகொப்டரில்கூட, மரங்களைக் கொண்டுவந்து போடுகிறார்கள். என் மருமகன் அங்கே ஓடை பராமரிக்கும் தன்னார்வக் குழு ஒன்றில் சனிக்கிழமைகளில் போகிறான். என்ன வேலையடா என்று கேட்டேன். "மாமா, போன தலைமுறை துப்புரவாக்கினதை நாங்கள் திரும்பக் குப்பையாக்கிறம்" என்றான். கொழும்பில் மழைக்கு முன் கால்வாய் சுத்திகரிக்கும் மெஷினைப் பார்க்கும்போதெல்லாம் அவன் சொன்னது ஞாபகம் வரும். வெள்ளம் வராமல் இருக்க அது வேண்டும்தான். ஆனால் இரு கரையிலும் ஒரு புல்கூட மிஞ்சாமல் வழிப்பது எதற்காக என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இங்கே நான் ஒரு சண்டை பிடிக்க வேண்டும். மீனைக் காப்பது என்றால் நம் ஆட்களுக்கு உடனே தோன்றுவது குஞ்சு விடுதல். பொலித்தீன் பைகளில் குஞ்சு வரும், பிரமுகர் ஒருவர் குனிந்து விடுவார், எல்லோரும் படம் எடுப்பார்கள். அங்கேயும் நூறு வருடத்துக்கு மேல் இதுதான் நடந்தது. பொரிப்பகம் கட்டிக் கோடிக்கணக்கில் குஞ்சு விட்டால் அணையும் கட்டலாம், மரமும் வெட்டலாம் என்று நம்பினார்கள். லண்டன் தேம்ஸ் ஆற்றுக் கதையைக் கேளுங்கள். நூற்றாண்டுக்கு மேலாகச் சால்மன் இல்லாத ஆறு. கழிவு நீரைச் சுத்திகரித்த பிறகு 1974இல் ஒரு சால்மன் பிடிபட்டது. உற்சாகத்தில் 1979இலிருந்து வருடாவருடம் குஞ்சு விட்டார்கள். சில காலம் மீன் வந்தது, பிறகு குறைந்துபோனது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அண்மையில் ஆற்றுக்கு வந்த சால்மன்களின் மரபணுவைப் பார்த்தது. அவை விட்ட குஞ்சுகளின் வழி வந்தவை அல்ல. பக்கத்துத் தென் இங்கிலாந்து ஆறுகளிலிருந்து வழி தவறி வந்தவை.

பொரிப்பகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கலிபோர்னியாவின் ரஷ்யன் ஆற்றில் கோஹோ முற்றாகப் போய்விடும் நிலை வந்தபோது, மிஞ்சியவற்றைப் பிடித்து வளர்த்து இனம் பெருக்கும் வேலையை 2001இல் தொடங்கினார்கள். அது இல்லாவிட்டால் அங்கே அந்த மீன் இருந்திருக்காது. அது அவசர சிகிச்சை. அதையே வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்க முடியுமா? எங்கள் குளங்களில் விடும் பெரிய நன்னீர் இறாலையே பாருங்கள். வளர்ந்த இறால் நன்னீரில் வாழும்; அதன் குஞ்சு பிழைக்க உவர்நீர் வேண்டும். களனி போன்ற ஆற்றில் தாய் கீழே இறங்கிக் கழிமுகத்துக்குப் போகும், குஞ்சு வளர்ந்து மேலே ஏறி வரும். குளத்தில் விட்டால் நன்றாகக் கொழுக்கும், நல்ல விலை போகும், ஆனால் பெருகாது. ஒவ்வொரு முறையும் புதிதாக விட வேண்டும். விவசாயமாக அது சரி. அதற்குப் பேர் மீட்பு இல்லை.

ட்ரவுட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நுவரெலியா நண்பர்கள் கோபிப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர் தூண்டில் போடும் ஆசையில் மலைநாட்டு ஓடைகளில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் வானவில் ட்ரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம்; கடலுக்குப் போனால் ஸ்டீல்ஹெட், ஓடையிலேயே நின்றால் ட்ரவுட். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவற்றில் ஒன்று போகும், ஒன்று நிற்கும். தென் கலிபோர்னியாவில் அந்த ஸ்டீல்ஹெட் 1997 முதல் அழியும் இனம் என்று சட்டத்தால் காக்கப்படுகிறது. அதே இனம் ஹோர்ட்டன் சமவெளியில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்ன இறாலுக்கு எமனாக நிற்கிறது. அங்கே ஒரு மீனுக்காகக் கோடிகளைக் கொட்டுகிறார்கள், இங்கே அதே மீனை எப்படிக் குறைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே யாராவது "நம்ம ஓடையிலும் ட்ரவுட் விடலாமே" என்று கேட்டால் தயவுசெய்து தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நமக்கென்று ஏறி இறங்கும் மீன் இல்லாமலா? விலாங்கு இருக்கிறது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று அதைப் பழிப்போம். சால்மனைத் தலைகீழாகப் பிடித்தால் விலாங்கு: கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாகக் கழிமுகத்துக்கு வந்து, ஆற்றில் ஏறிப் பல வருடம் வாழ்ந்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டுகூடக் குஞ்சு ஏறும். நான் போட்ட ஏப்ரனை ஏறித் தாண்டியது ஏதாவது இருந்தால் அது விலாங்காகத்தான் இருக்கும்.

ஆனால் களனியில் ஏறுவது லேசான காரியம் இல்லை. முகத்துவாரத்தில் நுழைந்தால் முதலில் நகரத்தின் கழிவு. பிறகு அம்பத்தளையில், கடலின் உப்பு மேலே ஏறாமல் இருக்கப் போட்ட தடுப்பு. அங்கேதான் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். அதை அகற்று என்று நான் எழுத மாட்டேன், நானும் அந்தத் தண்ணீரைக் குடிப்பவன். இன்னும் மேலே மணல் தோண்டிய பள்ளங்கள். மலையில் காசல்ரீ, மவுசாக்கலை, நோர்ட்டன் என்று மின்சாரத்துக்கான அணைகள். அமெரிக்காவில் எல்வா ஆற்றில் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்தார்கள், கிளமாத் ஆற்றில் நான்கை 2024இல் இடித்து முடித்தார்கள், அதே இலையுதிர் காலத்தில் மேலே சால்மன் வந்துவிட்டது என்று வாசிக்கும்போது நெஞ்சு நிறையத்தான் செய்கிறது. இருந்தாலும் மின்வெட்டு நாட்களை மெழுகுதிரியோடு கழித்தவர்களிடம் இங்குள்ள லக்சபானா மின் அணைகளை இடிப்போம் என்று பேச எனக்குத் துணிவில்லை. பெரியதை விடுங்கள். சின்ன ஓயாக்களில் உள்ள மதகுகளுக்கு அணைக்காசு தேவையில்லை. அடுத்த தடவை பைப் மாற்றும்போது ஓர் அளவு பெரிதாகப் போட்டு, ஓரடி ஆழத்தில் இறக்கி வைத்தால் பாதி வேலை முடிந்தது. இதை நான் பதவியில் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

டயர் கதை ஒன்று மிச்சம் இருக்கிறது. சியாட்டில் பக்கத்து நகர ஓடைகளைச் சீர்செய்து, மரம் போட்டு, மதகு மாற்றி, கோஹோ வந்தது. வந்ததும், மழை பெய்த சில மணி நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு சுற்றிச் சுற்றி நீந்திச் செத்தது, வயிற்றில் முட்டையோடு. ஏன் என்று கண்டுபிடிக்கப் பல வருடம் போயிற்று. 2020 டிசம்பரில் விடை வெளிவந்தது: டயர் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து நஞ்சாகி, டயர் தேய்ந்த தூளிலிருந்து மழைநீரில் கரைந்து ஓடைக்கு வருகிறது. சம் சால்மனை அது அப்படிக் கொல்வதில்லை. அக்கா பார்த்த மீன் பிழைத்து நின்றது அந்த வகை என்பதாலும் இருக்கலாம். ஆறுதலான செய்தி, வீதித் தண்ணீரை மணலும் கொம்போஸ்டும் கலந்த மண்ணில் ஊறவிட்டு அனுப்பினால் அதே தண்ணீரில் கோஹோ உயிரோடு இருக்கிறது. காலி வீதியில் ஓடும் அத்தனை பஸ்ஸின் டயரும் தேய்ந்து எங்கே போகிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. வடிகால் படத்தில் அம்புக்குறி போட்டவனே நான்தான். அம்பு நேரே கால்வாய்க்குப் போகும்.

கொழும்பு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. வெள்ளவத்தைக் கால்வாயைப் பார்க்கும் எவருக்கும் அது ஒரு பகிடியாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கறுத்த தண்ணீரில் கபரகொய்யா என்ற நீர் உடும்பு நீந்துகிறது, கொக்கு காத்து நிற்கிறது. அவை சும்மா நிற்பவை அல்ல, சாப்பிட ஏதோ இருக்கிறது. பெரும்பகுதி திலாப்பியாவும், யாரோ மீன்தொட்டியிலிருந்து கொட்டிய டாங் கிளீனர் மீனும்.

போன மாதம் ஒரு பின்னேரம் கடற்கரை ரயில் பாதையோரம் நடந்து கால்வாய் கடலில் சேரும் இடத்துக்குப் போனேன். அலை மண்ணைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். முதல் நாள்தான் மெஷினால் வெட்டி விட்டிருந்தார்கள். வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாக, ஓட்டம் குறைந்த இடத்தில், விரல் நீளக் குஞ்சுகள் கூட்டமாக எதிர்த்து உள்ளே வந்துகொண்டிருந்தன. மணலைக் குஞ்சுகள் என்று நினைக்கிறேன். கல்லுக்குக் கல் ஒதுங்கி, கொஞ்சம் நின்று, மறுபடி ஏறின. பாலத்தடியில் தூண்டில் போட்டிருந்த பொடியன் என்னைப் பார்த்து, "அங்கிள், ஏதும் விழுந்துட்டுதா?" என்று கேட்டான்.

"இல்லை. மீன் எந்தப் பக்கம் போகுது என்று பார்க்கிறன்."

அவன் தன் மிதவையைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

கொஞ்சம் உள்ளே, மதிலில் ஒரு பக்க வடிகாலின் பைப் கால்வாய்க்குள் திறந்திருந்தது. பழைய ஹியூம் பைப். அதிலிருந்து தெளிந்த தண்ணீர் வந்தது. எங்கோ ஒரு சின்ன ஈரநிலத்திலிருந்து வருகிறது போலும். குஞ்சுகள் அங்கே போய்ச் சேர்ந்து, தண்ணீர் விழும் இடத்தில் வட்டமிட்டு நின்றன. படியில் இறங்கிக் கையை வைத்து அளந்தேன். பைப்பின் வாய் நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாணும் இரண்டு விரலும் இருந்தது.

கடல் பெருகினால் எட்டுமோ என்று கொஞ்ச நேரம் நின்றேன். அரை மணியில் ஒரு விரல் அளவு ஏறியது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது, நான் குடை எடுத்து வரவில்லை.